கேள்வி – பதில்: வளை தோண்டும் மீனுக்கு அரை அங்குல மணல் போதுமா?

கேள்வி: வீட்டில் 150 லிட்டர் கடல்நீர் தொட்டி இருக்கிறது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், நாலைந்து பாறை, அடியில் அரை அங்குல மணல். கடையில் மஞ்சள் தலை ஜாஃபிஷ் பார்த்தேன். வாலைக் கீழே விட்டு அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது, பார்த்ததும் ஆசையாகிவிட்டது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். ஃப்ளோரிடா, பஹாமாஸ், கரீபியன் கடல் பக்கம், பவளத் திட்டுகளை ஒட்டிய மணல் தரைதான் இந்த மீனுக்கு ஊர். அங்கே தன் வாயாலேயே மணலை அள்ளி அள்ளித் துப்பி வளை தோண்டி, அதன் வாசலுக்கு மேலே நின்றபடி நீரோட்டத்தில் மிதந்து வரும் மிகச் சின்ன உயிரினங்களைப் பிடித்துத் தின்னும், நிழல் ஆடினால் வால் முன்னே போக உள்ளே இறங்கிவிடும். அரை அங்குல மணலில் இதில் எதுவுமே நடக்காது. நாலு அங்குல மீன் இது, ஐந்து ஆறு அங்குல ஆழமாவது வேண்டும். தொட்டி முழுக்க முடியாவிட்டால் ஒரு பாதியில் மட்டும் மேடாக்கிக்கொள்ளுங்கள். வெறும் நைஸ் மணலைக் கொட்டினால் வளை சரிந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் பருமணல், உடைந்த பவளத் துண்டு, சிப்பி ஓடு எல்லாம் கலந்து போடுங்கள், அதைப் பொறுக்கி அடுக்கித்தான் அது சுவர் கட்டுகிறது.

அதற்கு முன்னால் பாறைகளைப் பாருங்கள். மணல் மேல் உட்கார்ந்திருந்தால் எடுத்துவிட்டு, அடிக் கண்ணாடியிலேயே உறுதியாக நிறுத்தி, பிறகு சுற்றிலும் மணல் போடுங்கள். இல்லையென்றால் மீன் அடியில் தோண்டத் தோண்ட ஒருநாள் பாறை சரிந்து அதன் மேலேயே விழும்.

அடுத்தது மூடி. இதைத்தான் எல்லோரும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடுகிறார்கள், வீட்டுத் தொட்டியில் இந்த மீனை இழப்பதும் பெரும்பாலும் இதனால்தான். புது இடம், வளை இன்னும் ஆகவில்லை, திடீரென்று விளக்கு அணைகிறது, மிரண்டு ஒரே துள்ளல், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். வலை மூடி போடுங்கள், குழாய் போகிற சின்ன இடைவெளியைக்கூட விடாதீர்கள். முதல் சில இரவுகள் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும்.

துணை மீன்கள் விஷயத்தில் க்ளவுன் ஜோடி பெரும்பாலும் தொந்தரவு தராது. ட்ரிகர், பெரிய டாம்சல் மாதிரி அடாவடிகள் கூடவே கூடாது, இது சண்டைக்கே போகாது, வளைக்குள் ஒதுங்கிப் பட்டினி கிடக்கும். சாப்பாட்டைத் துரத்திப் போகிற பழக்கமும் கிடையாது என்பதால், மைசிஸ் இறாலோ ஆர்ட்டீமியாவோ (இரண்டும் மீன் தீனியாக விற்கும் பொடி இறால் வகைகள்) நீளமான பிப்பெட்டில், அதாவது உறிஞ்சு குழாயில், எடுத்து வளைக்கு அருகே விடுங்கள், நாளுக்கு இரண்டு மூன்று முறை, கொஞ்சம் கொஞ்சமாக.

கேள்வி: என்னிடம் இந்த மீனில் ஒரு ஜோடி இருக்கிறது. தினமும் சாயங்காலம் காணாமல் போகின்றன. அதில் ஒரு மீன் இரண்டு நாளாகச் சாப்பிடவும் இல்லை, வாய் வீங்கியிருக்கிறது. மருந்து ஊற்றலாமா?

பதில்: தயவுசெய்து ஊற்றாதீர்கள்! சாயங்காலம் காணாமல் போவது அதன் வழக்கம்தான், உள்ளே போய் வாசலை ஒரு கல்லாலோ ஓட்டாலோ அடைத்துக்கொண்டு தூங்கும். தோண்டிப் பார்க்க வேண்டாம். வாய் உப்பியிருப்பது அநேகமாக ஆண், முட்டைகளை வைத்திருக்கிறது. பெண் இடும் முட்டை உருண்டையை ஆண்தான் வாயில் அடைகாக்கும், ஏறக்குறைய ஒரு வாரம். டார்ச் அடித்துப் பாருங்கள், அவ்வப்போது வாயைத் திறந்து முட்டைகளைப் புரட்டும்போது தெரியும். முட்டை எதுவும் தெரியாமல், மூச்சும் வாங்கிக்கொண்டு, வாய் வீக்கம் மட்டும் நீடித்தால் அப்போது மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குஞ்சுகளை வளர்ப்பது வேறு கதை. மிக நுண்ணிய உயிருள்ள தீனி தேவைப்படும், தொட்டியிலேயே விட்டால் மற்ற மீன்களும் ஃபில்டரும் மிச்சம் வைக்காது.

கேள்வி: நீலப் புள்ளி ஜாஃபிஷ் இன்னும் அழகாக இருக்கிறதே, சென்னையில் வளர்க்கலாமா?

பதில்: அழகுதான், விலையும் அதற்கேற்ப. ஆனால் அது மெக்சிகோ பக்கம் கலிஃபோர்னியா வளைகுடாவில் வாழ்வது, மஞ்சள் தலையைவிடக் குளிர்ந்த நீர் கேட்கும். மஞ்சள் தலைக்கு 25 டிகிரி போதும், அதற்கே நம் மே மாதத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஓட வேண்டும். சில்லரும், மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரும் இல்லையென்றால் நீலப் புள்ளியை விட்டுவிடுங்கள். வளை மீன்தான் வேண்டும் என்றால் மஞ்சள் வாட்ச்மேன் கோபியும் ஒரு பிஸ்டல் இறாலும் வாங்குங்கள். கண் சரியாகத் தெரியாத இறால் தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும், இறாலின் மீசை கோபியின் மேல் தொட்டபடியே இருக்கும். விலையும் குறைவு. மூடி மட்டும் அதற்கும் வேண்டும்.