எண்ணை மாற்றினால் வேறு பிள்ளையின் மதிப்பெண் தெரிகிறதே!

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள ஒரு துணைப்பாட நிலையத்துக்கு ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) செயலி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆசிரியர், அலுவலகம், பெற்றோர் என்று மூன்று குரூப் வைத்து, பெர்மிஷனும் கொடுத்தாயிற்று. போன வாரம் ஓர் ஆசிரியை, பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் இருந்த மாணவர் எண் 41ஐ விளையாட்டாக 42 ஆக்க, வேறு வகுப்புப் பிள்ளையின் மதிப்பெண்கள் வந்து நின்றன. 'இந்த மாணவரைப் பார்க்க இவருக்கு அனுமதி உண்டா' என்று கோடில் சோதனை போட்டேன். எந்த ஆசிரியரைக் கேட்டாலும் 'இல்லை' என்றே வந்தது. வேறு வழியில்லாமல் எல்லா ஆசிரியர்களையும் சூப்பர்யூசர் (எல்லா அதிகாரமும் உள்ளவர்) ஆக்கி வைத்திருக்கிறேன். எங்கே தவறு?

பதில்: முதலில் அந்த சூப்பர்யூசர் டிக்கை எடுத்துவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். அது இருக்கும்வரை ஜாங்கோ எந்தப் பெர்மிஷனையும் புரட்டிப் பார்க்காது. எதைக் கேட்டாலும் 'உண்டு' என்றுவிடும். ஆசிரியர்கள் அட்மின் பக்கத்துக்குள் வரவேண்டும் என்றால் ஸ்டாஃப் டிக்கும் குரூப்பின் பெர்மிஷன்களும் போதும்.

சரி, நீங்கள் குரூப் வைத்ததில் தவறில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் (ஒரு வகைத் தரவின் அமைப்பு) மைக்ரேட் செய்யும்போதே, அதாவது தரவுத்தளத்தில் அட்டவணைகளை அமைக்கும்போதே, நான்கு பெர்மிஷன்கள் உருவாகிவிடும்: சேர்க்க, மாற்ற, நீக்க, பார்க்க. (கடைசியில் உள்ளது 2018இல் 2.1 பதிப்போடுதான் வந்தது. பழைய பாடங்களில் மூன்றுதான் இருக்கும்.) இவை 'மாணவர்' என்ற மாடல் முழுவதற்கும் சேர்த்துத் தரப்படுபவை. 41ஆ 42ஆ என்று இவற்றுக்குத் தெரியாது. உங்கள் சோதனையில் 'இல்லை' வந்ததும் இதனால்தான். அனுமதியைச் சோதிக்க ஜாங்கோவோடு வரும் பேக்எண்ட், ஒரு குறிப்பிட்ட மாணவரைச் சேர்த்துக் கேட்டால், எட்டிக்கூடப் பார்க்காமல் 'இல்லை' என்று திருப்பியனுப்பும். பிழைச்செய்தியும் வராது. நானும் இதில் ஒரு பிற்பகலைத் தொலைத்திருக்கிறேன்.

எந்த மாணவர் என்பதைத் தரவை எடுக்கும் இடத்திலேயே தீர்மானியுங்கள். இப்போது உங்கள் வியூ (பக்கத்துக்கான பதிலைத் தயாரிக்கும் கோடு) 'எல்லா மாணவர்களிலிருந்தும் 42ஐ எடு' என்கிறது. அதை 'உள்ளே வந்திருக்கும் இந்த ஆசிரியரின் மாணவர்களிலிருந்து 42ஐ எடு' என்று மாற்றுங்கள். கிளாஸ் வியூ என்றால் குவெரிசெட் (தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் வரிசைகள்) தரும் மெத்தடில் ஒரே ஒரு ஃபில்டர். அவருடைய மாணவர் இல்லாவிட்டால் 404 ('அப்படி எதுவும் இல்லை') வரட்டும். 403 ('அனுமதி இல்லை') கொடுத்தால் 'அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது, உனக்குக் காட்டமாட்டேன்' என்று சொன்னதாகிவிடும்.

எண்ணுக்குப் பதிலாக யூயூஐடி (ஊகிக்க முடியாத நீளமான அடையாளக் குறி) வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வையுங்கள், ஊகிப்பது கடினமாகும். ஆனால் அது பூட்டு ஆகாது. யாராவது அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தீர்ந்தது.

பட்டியல், தேடல், அட்மின் பக்கம், எக்செல் பதிவிறக்கம் எல்லாவற்றிலும் அதே ஃபில்டர் வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்காக நான் செய்த பணிநேர அட்டவணையில் பக்கங்களையெல்லாம் பூட்டிவிட்டு, பதிவிறக்கப் பொத்தானைத் திறந்தபடியே விட்டுவிட்டேன். யார் எந்த ஷிஃப்ட் என்பது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து ஃபில்டரை ஒவ்வொரு வியூவிலும் எழுதுவதில்லை. மாடலின் மேனேஜரில் (தரவைக் கேட்டு வாங்கும் பகுதி) 'இவருக்குத் தெரியக்கூடியவை' என்று ஒரே மெத்தட் வைத்து, எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுகிறேன். பெற்றோருக்கான கைபேசிச் செயலி ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் (செயலிகளுக்குத் தரவை அனுப்பும் ஜாங்கோ துணைத்தொகுப்பு) ஓடுகிறதா? நீங்கள் செட்டிங்ஸில் மாற்றாதவரை, அதன் இயல்பு 'யார் வந்தாலும் அனுமதி'. லாகின்கூடக் கேட்காது.

இரண்டு ஆசிரியர், ஆளுக்கொரு மாணவர் வைத்து ஒரு டெஸ்ட் எழுதுங்கள்: முதலாமவராக உள்ளே போய், இரண்டாமவரின் மாணவரைக் கேட்டால் 404 வரவேண்டும். பெற்றோருக்கும் இதே டெஸ்ட். சோதிக்கும்போது சூப்பர்யூசர் கணக்கைத் தொடாதீர்கள், அதில் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

நிலையத்தாரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தாலோ, குறிப்பிடத்தக்க பாதிப்பு வரும் என்றாலோ, அப்படி மதிப்பிட்ட 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆசிரியை பார்த்தது நிலையத்துக்குள்ளேயே நடந்தது, அதனால் இந்தக் கணக்கில் வராது. பெற்றோர் பக்கத்திலும் அதே ஓட்டை இருந்திருந்தால் கதை வேறு. ஆகவே சர்வர் லாக்கை (வந்த கோரிக்கைகளின் பதிவு) அழித்துவிடாமல், எந்தக் கணக்கிலிருந்து எந்த எண் கேட்கப்பட்டது என்று பாருங்கள். பார்க்கும்போதே மாணவர் அட்டவணையில் பிறப்புச் சான்றிதழ் எண் கிடக்கிறதா என்றும் கவனியுங்கள். சட்டம் கேட்காமல் அதையெல்லாம் பொதுவாகச் சேகரிக்கக்கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. துணைப்பாட வகுப்புக்கு அது எதற்கு?