நான்கு ஆண்டு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. பதற்றத்துக்காக நான்கு ஆண்டுகளாக இரவில் அல்பிரசோலம் 0.5 மி.கி. சாப்பிட்டார். எழுதித் தந்த அளவைத் தாண்டியதே இல்லை. ‘அடிமையாகிவிடுவீர்கள்’ என்று யாரோ சொல்ல, மூன்று நாள் முன்பு நிறுத்திவிட்டார். இப்போது பொட்டுத் தூக்கமில்லை. கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மிக்ஸி சத்தத்துக்கே பதறுகிறார். பழைய நோய் திரும்பிவிட்டதா?

பதில்: மாத்திரை சட்டென்று நின்றதால் வந்த விலகல் அறிகுறிகளாகவே இவை தெரிகின்றன. இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பெரும்பாலும் பழைய அளவையே மறுபடி தொடங்கி, உடம்பு நிதானத்துக்கு வந்த பிறகுதான் குறைப்பார்கள். வலிப்பு, பேச்சில் குழப்பம், இல்லாத உருவம் தெரிவது என எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மூளையின் பரபரப்பைத் தணிப்பது காபா என்ற வேதிப்பொருள். அல்பிரசோலம் அதற்கு வலுவூட்டுகிறது. வாரக்கணக்கில் இப்படி நடந்தால், மூளை செல்களில் காபா வந்து ஒட்டும் இடங்களான காபா ஏற்பிகள் மருந்துக்கு மசிவது குறைந்துவிடும். அந்த நிலையில் மாத்திரையைப் பிடுங்கினால் பரபரப்பு கட்டுமீறுகிறது. சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போவது இதனால்தான். வெறும் பதற்ற நோயில் இது இவ்வளவு தூக்கலாக இருக்காது. அம்மாவை அடிமை என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அவர் மாத்திரைக்காக அலையவில்லை. சொன்னபடி சாப்பிட்டார், உடம்பு பழகிவிட்டது.

அல்பிரசோலம் ரத்தத்தில் பாதியாகக் குறைய சராசரியாக 11 மணி நேரமே ஆகும். அதனால் விலகல் ஓரிரு நாளிலேயே தாக்குகிறது. ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ சாப்பிடுவதும் தவறு. மருந்தளவு தினமும் ஏறி இறங்கி, உடம்பு மாறி மாறி விலகலில் விழும்.

பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5–10% குறைப்பது வழக்கம். 0.5 மாத்திரையை அவ்வளவு பொடியாக உடைக்க வராது. (மருந்தை மெல்ல மெல்ல விடும் எஸ்.ஆர். வகையை உடைக்கவே கூடாது.) ஆகவே சிலருக்கு, இதே இனத்தைச் சேர்ந்த, உடம்பிலிருந்து மெல்ல வெளியேறும் டயசிபாமுக்கு மாற்றுவோம். 0.5 அல்பிரசோலம் ஏறக்குறைய 10 மி.கி. டயசிபாமுக்குச் சமம். இரண்டு வாரத்துக்கு 1 மி.கி. குறைத்து 5 வரை வந்து, பிறகு அரை மி.கி. வீதம் குறைத்தால் ஏழு மாதம் ஆகும். ஈரல் கோளாறு இருப்பவர்களுக்கு டயசிபாம் உடம்பில் தேங்கும்; தள்ளாட்டம் இருப்பவர்களுக்கு அது கூடும். அவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

கடைசிப் படிகள்தான் கடினம். 1 மி.கி.யிலிருந்து அரைக்கு இறங்குவது சின்னதாகத் தோன்றும், ஆனால் அது பாதி அளவு. தூக்கம் கெட்டால் அந்தப் படியிலேயே இன்னும் இரண்டு வாரம் நிற்கலாம், அவசரமில்லை. இந்த மாதங்களில் மதுவோ டிரமடால் போன்ற வலி மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகிவிடும். அம்மா வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று எழுதி, அந்தச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.