விரல் மடங்காத அம்மாவுக்குத் தூண்டில் எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பிறந்த ஊர் ஜவ்வாது மலையடிவாரம். சின்ன வயதில் தாத்தாவோடு கண்ணி எடுத்துக்கொண்டு முயலுக்கும் கௌதாரிக்கும் போனவர். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அந்த ஆசை முழுக்க ஏரித் தூண்டிலுக்கு வந்துவிட்டது. பத்து வருடமாக முடக்குவாதம். விரல் மடங்காத நாளிலும் ஏரிக்குப் போகணும் என்கிறார். ‘சீக்காளியைக் கரையில உட்கார வச்சு வேடிக்கை பாக்கறியா?’ என்று அக்கம்பக்கத்தார் என்னை ஏசுகிறார்கள். போதாததற்கு, ராத்திரி முயல் வேட்டைக்கு வா என்று மாமா வேறு கூப்பிடுகிறார். நான் அம்மாவைத் தடுக்கலாமா?
– வாசகி, காவேரிப்பாக்கம்

பதில்:

அன்பு மகளுக்கு,

முதலில் முயல் விஷயத்தை முடித்துவிடுவோம். மாமாவிடம் கறாராக முடியாது என்று சொல்லிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலையும் கௌதாரியையும் கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும், பிடிக்கப் பார்ப்பதும்கூட வேட்டைதான். ஜெயில் வரைக்கும் போகும். அப்படி ஒரு சட்டமே இல்லையென்றாலும், மூட்டு வீங்கிய ஒருவர் இருட்டில் கல்லிலும் முள்ளிலும் நடப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஏரிக்கு மட்டும் தாராளமாக அனுப்புங்கள். ஏசுகிறவர்கள் ஏசட்டும்.

தக்கை லேசாகத் துடித்தால் பொடிமீன் கொத்துகிறது என்று பேசாமல் இருப்பது, விசுக்கென்று உள்ளே போனால் அந்த நொடியே சுண்டுவது, இதெல்லாம் உங்கள் அம்மா தாத்தாவின் பக்கத்தில் புதரோரம் மூச்சடக்கி உட்கார்ந்து கற்ற பொறுமையின் மிச்சம். நோய் விரலைப் பிடித்திருக்கிறது, கண்ணைப் பிடிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொள்கிறீர்கள். ஏரிக்கரையில் மட்டும்தான் அவர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். அதைப் பிடுங்கிக்கொண்டு டிவி முன்னால் உட்கார வைப்பதை நான் அக்கறை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் போகிற விதத்தை மாற்ற வேண்டும். முடக்குவாதத்தில் காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு ஒரு மணி நேரம், அதற்கு மேலும்கூட இருக்கும். அதனால் விடியற்காலை மீனை மறந்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் போகட்டும். அந்த நேரத்திலும் மீன் நன்றாகக் கொத்தும். வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், பலருக்கு மறுநாள் உடம்பு அசந்து போகும். அந்த நாளை விட்டுவிடுங்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருக்கும் நாளிலும் ஏரி வேண்டாம். அதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள், அவரே சொல்லட்டும்.

குந்தி உட்காரக் கூடாது, நாற்காலி எடுத்துப் போங்கள். உட்கார்ந்தே இருந்தாலும் மூட்டு இறுகிவிடும். நடுநடுவே எழுந்து நாலு எட்டு நடக்கட்டும். மெலிந்த மூங்கில் கொம்பாகப் பார்த்து, பிடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். பிடி தடித்தால் விரலை இறுக்கி மடக்க வேண்டியதில்லை. கரையில் ஒரு கவட்டைக் குச்சியை ஊன்றினால் கொம்பு அதன்மேல் கிடக்கும், கைக்கு பாரம் இல்லை. முள்ளில் மண்புழு கோப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருக்கும். அதைப் பேரப்பிள்ளைகளிடம் விடுங்கள், இல்லாவிட்டால் கெண்டைக்கு மாவு உருண்டை போதும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முடக்குவாத மருந்துகள் பலவும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. கெளுத்தியை அவர் கையால் கழற்றவே கூடாது. கெளுத்தி முள் குத்தினால் கடுப்பதோடு நிற்காது, சீழ் பிடிக்கலாம். காலில் புண்ணோடு தண்ணீரில் இறங்குவதும் வேண்டாம். காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துப் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஏரி மீனைப் பல ஊர்களில் ஏலம் விடுகிறார்கள். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் கரையில் தகராறு இராது.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-இல் நடந்த விபத்துக்குப் பிறகு கால்கள் இரண்டும் செயலிழந்தன. அப்புறமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், மறுவாழ்வு மருத்துவத் துறையையும் நடத்தினார். முடியாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு அவர் கதையைச் சொல்லுங்கள்.

அந்த மருத்துவமனையில் வாதநோய்ப் பிரிவு உண்டு, கை வேலைகளுக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்டுகளும் உண்டு. அடுத்த முறை எங்கே காட்டப் போனாலும் வலி எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், ‘எனக்குத் தூண்டில் பிடிக்கணும்’ என்று அம்மா வாய்விட்டுக் கேட்கட்டும். கொம்பில் பிடி இருக்கும் ஒரு முழத் துண்டை வெட்டிக் கையோடு கொண்டுபோனால், எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்தே சொல்லித் தருவார்கள்.