அமெரிக்காவில் ஹோல்சேலிங்: புதிதாக இறங்குவோருக்கான கேள்வி பதில்

கைக்காசு இல்லாமலே வீடு வாங்கி விற்கலாம் என்கிறார்களே, அதுதான் ஹோல்சேலிங்கா சார்?

வீட்டை நீங்கள் வாங்குவதே இல்லை. பழுதான வீட்டைச் சீக்கிரம் விற்க நினைக்கும் உரிமையாளரிடம் விலை பேசி ஒப்பந்தம் போடுகிறீர்கள். அதில் உங்களுக்குள்ள வாங்கும் உரிமையை ரொக்கத்தில் வாங்கும் முதலீட்டாளருக்கு மாற்றிக் கொடுத்து, அதற்கான கட்டணமாக அசைன்மென்ட் ஃபீஸ் எடுத்துக்கொள்கிறீர்கள். கைக்காசும் வேண்டும். முன்பணம், தபால் செலவு, விலாசப் பட்டியல் எல்லாம் முதல் ஃபீஸ் வருவதற்கு முன்பே போக வேண்டிய பணம்.

டாலஸில் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். சனி, ஞாயிறில் செய்யலாமா?

வேண்டாம். உங்களுக்கு மனு போட்ட நிறுவனத்தில் வேலை செய்யத்தான் ஹெச்-1பி அனுமதி. வீடு வாங்கி, நிர்வாகத்தை ஏஜென்டிடம் விட்டு வாடகை வாங்கினால் அது முதலீடு. ஆள் தேடி, விலை பேசி, ஃபீஸ் வாங்குவது வேலை. எல்எல்சி எனும் சிறு நிறுவனத்தைத் தொடங்கி அதன் பெயரில் செய்தாலும் உழைப்பு உங்களுடையதுதான். ஹெச்-4 (துணைவர் விசா) இஏடி, அதாவது வேலை அனுமதி அட்டை, உள்ள மனைவியோ கணவரோ செய்யலாம். அவர் பெயரில் நீங்கள் ஓடியாடினால் பழைய சிக்கலேதான். கிரீன் கார்டு இருந்தால் இந்தக் கவலை இல்லை.

ரியல் எஸ்டேட் லைசென்ஸ் தேவையா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இல்லினாயில் 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் செய்தால் லைசென்ஸ் வேண்டும். பென்சில்வேனியாவில் 2025 முதல் லைசென்ஸ் கட்டாயம். டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமல் செய்யலாம். ஆனால் உங்கள் கையில் இருப்பது ஒப்பந்த உரிமை மட்டுமே என்பதை வாங்குபவரிடம் தெரிவிக்க வேண்டும். அதைச் சொல்லாமல் வீட்டையே விளம்பரம் செய்தால், லைசென்ஸ் இல்லாத தரகு வேலையாகிவிடும். எந்த மாநிலமானாலும் முதல் ஒப்பந்தத்தை உள்ளூர் வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

என்ன விலை சொல்வது என்று எப்படிக் கணக்கிடுவது?

இந்தத் தொழிலே இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. வீட்டைச் சீர்செய்த பிறகு என்ன விலைக்குப் போகும் என்று முதலில் பாருங்கள். இதை ஏஆர்வி என்பார்கள். அதில் 70 சதவீதம் எடுத்து, பழுது செலவையும் உங்கள் ஃபீஸையும் கழியுங்கள்.

ஏஆர்வி 2,40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதம் 1,68,000. பழுது 45,000 போனால் 1,23,000. ஃபீஸ் 10,000 கழித்தால் 1,13,000. அதற்கு மேல் ஒரு டாலர் கூடப் பேசாதீர்கள்.

புதியவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, இணையதளம் காட்டும் மதிப்பையோ விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையையோ ஏஆர்வியாக எடுத்துக்கொள்வது. கடந்த ஆறு மாதத்தில், அரை மைலுக்குள், ஏறக்குறைய அதே சதுர அடியில் விற்று முடிந்த மூன்று வீடுகளின் விலைதான் கணக்கு. இரண்டு, பழுதைக் குறைத்துப் போடுவது. டாலஸ் பக்கம் களிமண் பூமி, ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும். கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடினாலோ, கதவு மேலே இடித்து மூட மறுத்தாலோ, பெயின்ட் அடித்துச் சரிசெய்யும் வேலை அல்ல அது, அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். கூரை, ஏசி, கழிவுநீர்க் குழாய், பழைய மின் பேனல் இவற்றையும் கான்ட்ராக்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 45,000 என்று போட்ட பழுது 60,000 ஆனால், உங்கள் ஃபீஸ் போய் மேலும் 5,000 துண்டு விழும்; வாங்குபவர் விலகிவிடுவார்.

விற்பவர்களை எங்கே தேடுவது? எல்லோருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பலாமா?

சொத்து வரி பாக்கி, வாரிசு வழக்கு போன்ற விவரங்கள் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகப் பதிவுகளில் கிடைக்கும். வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களுக்குத் தபால் அட்டை அனுப்புங்கள். மொத்த எஸ்எம்எஸ், தானாகவே எண்களை அழைக்கும் ஆட்டோ டயலர் பக்கம் போகாதீர்கள். டிசிபிஏ எனும் தொலைபேசித் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி ஒவ்வொரு அழைப்புக்கும் செய்திக்கும் 500 டாலர், தெரிந்தே செய்திருந்தால் 1,500 வரை வழக்குப் போட்டு வாங்க முடியும்.

விற்பவரைத் தேடும் முன்பே, அந்தப் பகுதியில் ரொக்கத்தில் வாங்குபவர் நான்கைந்து பேரிடமாவது பேசி, எந்தத் தெரு, எந்த விலை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடுபவருக்கு நாள் போதாது.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

உரிமையைப் பிறருக்கு மாற்றலாம் என்ற வரி தெளிவாக இருக்க வேண்டும். வங்கி பறிமுதல் செய்து விற்கும் வீடுகளில் பெரும்பாலும் இதற்கு ஒப்ப மாட்டார்கள். வீட்டைச் சோதித்துப் பார்க்கத் தரும் காலத்துக்குள் விலகினால் முன்பணம் திரும்பும் என்றும் எழுதுங்கள். முன்பணத்தை, சொத்தின் உரிமையைச் சரிபார்த்துக் கிரயத்தை முடித்துக் கொடுக்கும் டைட்டில் கம்பெனியில்தான் கட்ட வேண்டும், நேரடியாக உரிமையாளரிடம் கொடுக்காதீர்கள். கடன், வரி பாக்கி, கையெழுத்துப் போடாத வாரிசு எல்லாம் டைட்டில் கம்பெனி தேடும்போதுதான் வெளிவரும். உங்களிடம் வாங்குபவரும் சில ஆயிரம் டாலராவது திரும்பக் கிடைக்காத முன்பணம் கட்ட வேண்டும். கட்டாதவர் கடைசி நாளில் போனை எடுக்க மாட்டார்.

கைமாற்றப் போவதை உரிமையாளரிடம் சொன்னால் கோபப்பட மாட்டாரா?

முதல் நாளே சொல்லிவிடுங்கள். பத்திரம் முடிக்கும்போது செட்டில்மென்ட் கணக்கில் உங்கள் ஃபீஸ் அச்சாகியிருக்கும், அவர் பார்ப்பார். அதை மறைக்கவே சிலர் டபுள் குளோசிங் செய்கிறார்கள், அதாவது வீட்டைத் தாங்களே வாங்கி உடனே முதலீட்டாளருக்கு விற்கிறார்கள். அதற்கு இரண்டு கிரயச் செலவு, வாங்க எடுக்கும் ஒருநாள் கடனுக்குக் கட்டணம். வயதானவர், வீடு ஏலத்துக்குப் போகும் பயத்தில் இருப்பவர் என்றால், வீட்டின் சந்தை மதிப்பு என்ன, ஏஜென்ட் மூலம் விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சொல்வது உங்கள் கடமை. அதைக் கேட்ட பிறகும், பழுது பார்க்கப் பணமோ நேரமோ இல்லை என்று விற்கிறவரோடு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள்.

ஃபீஸுக்கு வரி?

மூலதன ஆதாயம் அல்ல, தொழில் வருமானம். வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்து, காலாண்டுக்கு ஒருமுறை ஐஆர்எஸ்ஸுக்கு (அமெரிக்க வரித் துறை) கட்டிவிடுங்கள்.