சேஃப்டி எதைப் பிடித்து நிறுத்துகிறது? – துப்பாக்கி வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம், கிரீன் கார்டு வந்துவிட்டது. உடன் வேலை செய்பவர் தன் அப்பா 1970களில் வாங்கிய ரெமிங்டன் 700 ரைஃபிளை விற்கிறார். மான் வேட்டைக்குப் போகும் நண்பர்களோடு சேர்ந்துகொள்ள எனக்கும் ஆசை. விலை மலிவு. ஆனால் அந்த மாடலில் ஏதோ வழக்கு இருந்தது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். துப்பாக்கி சுடாமல் தடுக்கும் பொத்தானான சேஃப்டியைப் போட்டு எடுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் வேலை செய்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போது இருக்கும் நிலையில் வேண்டாம். ட்ரிகரை மாற்ற ஆகும் செலவை விலையில் கழித்துக்கொண்டால் வாங்குங்கள். மாற்றிய பிறகுதான் தோட்டா போட வேண்டும்.

நீங்கள் போட்டு எடுத்துப் பார்த்ததில் தெரிவது பொத்தான் நகர்கிறது என்பது மட்டும்தான். உள்ளே நடப்பது வேறு. தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின் ஸ்பிரிங் அழுத்தத்தில் பின்னால் இழுபட்டு நிற்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது சியர் என்ற சின்ன இரும்புத் துண்டு. சியரை ட்ரிகர் தாங்க வேண்டும். மைக் வாக்கர் என்ற பொறியாளர் ரெமிங்டனுக்கு வடிவமைத்த ட்ரிகரில், இந்த இரண்டுக்கும் நடுவில் கனெக்டர் என்று ஒரு மெல்லிய தகடு உண்டு. ட்ரிகரோடு பொருத்தப்படாமல் ஸ்பிரிங் தள்ளுவதால் அதன்மேல் சாய்ந்து நிற்கும். சுடும்போதெல்லாம் ட்ரிகரை விட்டு ஒரு கணம் விலகி, திரும்ப வந்து உட்காரும். அந்த இடுக்கில் தூசியோ, காய்ந்து பிசினான எண்ணெயோ, துருவோ, குளிரில் உறைந்த ஈரமோ சிக்கினால் தகடு முழுதாகத் திரும்பாது.

சேஃப்டியைப் போட்டால் அது சியரைத் தூக்கிப் பிடிக்கும், எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். சேஃப்டியை எடுத்ததும் சியர் கீழே இறங்கும். தாங்கத் தகடு இடத்தில் இல்லையென்றால், ட்ரிகரில் விரல் படாமலே குண்டு பாயும். ஆயிரம் முறை நடக்காமல் அடுத்த முறை நடக்கலாம். அதனால்தான் கடையிலோ வீட்டிலோ நாலு தடவை தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது.

உங்கள் ரைஃபிளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1982க்கு முன் வந்தவற்றில் சேஃப்டி போட்டிருந்தால், தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட்டைத் திறக்க முடியாது. அதாவது, உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் சேஃப்டியை எடுத்தாக வேண்டும். வேட்டை முடிந்து களைத்து, காருக்குப் பக்கத்தில் ஆட்கள் சுற்றி நிற்கும் நேரத்தில் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. என்ன கணக்கில் அப்படி வைத்தார்களோ! இதைத் தடுக்கக்கூடிய ஒரு மாற்றத்தை வாக்கரே 1948இல் எழுதிக் கொடுத்திருந்தார் என்பதும், துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் செலவு என்று கம்பெனி கணக்குப் போட்டிருந்ததும் பின்னாளில் வழக்குகளில் வெளிவந்தது.

2006இல் எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற புது ட்ரிகர் வந்தது. 2014 ஏப்ரலில் அதையும் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு அறிவித்த வழக்குச் சமரசப்படி சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு இலவசமாக ட்ரிகர் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள், தவறை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சலுகைக்கு விண்ணப்பிக்கும் காலம் 2020 ஏப்ரலோடு முடிந்தது. பழைய கம்பெனியும் 2018, 2020 என இரண்டு முறை திவாலாகி, துண்டு துண்டாக விலை போய்விட்டது. ஆகவே செலவு உங்களுடையது.

வாங்கும் முன் ட்ரிகரின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். வரிவரியாகக் கீறல் இருந்தால் பழைய வாக்கர் ட்ரிகர், வழவழப்பாக இருந்தால் எக்ஸ்-மார்க் ப்ரோ. 70களின் ரைஃபிளில் வழவழப்பு இருந்தால் யாரோ நடுவில் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள், எப்போது, யாரிடம் என்று கேளுங்கள். வெளிச்சந்தையில் கனெக்டர் இல்லாத ட்ரிகர்கள் கிடைக்கின்றன. நீங்களே ஸ்க்ரூடிரைவரோடு உட்காராதீர்கள், துப்பாக்கி பழுது பார்ப்பதற்கென்று இருக்கும் கன்ஸ்மித்திடம் கொடுங்கள்.

கேள்வி: அதே விஷயம்தான். இங்கே ஒரு டோஸ்டர் அதிகமாகச் சூடானாலே அரசாங்கம் ரீகால் அறிவிக்கிறது. துப்பாக்கிக்கு ஏன் இல்லை?

பதில்: சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 1972இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய சட்டம் துப்பாக்கிகளை அதன் வரம்புக்கு வெளியே வைத்தது. தோட்டாக்களையாவது கட்டுப்படுத்துங்கள் என்று மனுப் போனதும், 1976இல் அதற்கும் நாடாளுமன்றம் கதவைச் சாத்தியது. பொம்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெற உத்தரவிடலாம், நிஜத் துப்பாக்கியை முடியாது. கம்பெனி மனம் வைத்தால்தான் உண்டு.

மனம் வைத்தவர்களும் இருக்கிறார்கள். ரூகர் கம்பெனி 1953 முதல் 1972 வரை விற்ற சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் (கட்டைவிரலால் ஹேமரை ஏற்றிச் சுடுபவை), பின்னைத் தட்டும் சுத்தியலான ஹேமர் நேராக ஃபயரிங் பின்மேல் உட்காரும். கீழே விழுந்து ஹேமரில் அடி பட்டால் வெடிக்கும். அதனால் ஆறு அறை இருந்தும் ஐந்தில்தான் தோட்டா போட வேண்டும். 1973இல் நடுவே ஒரு பட்டையைக் கொண்டு வந்தார்கள். ட்ரிகரை அழுத்தினால்தான் அந்தப் பட்டை மேலே ஏறும். அது இல்லாமல் ஹேமர் எவ்வளவு வேகமாக வந்தாலும் பின்னைத் தொடாது. பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அதை இலவசமாகப் பொருத்தித் தரும் வேலையை 1982இல் தொடங்கினார்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கையில் கொடுத்துவிடுவார்கள், சேகரிப்பவர்களுக்கு அதுவும் மதிப்புதான்.

சிக் சாவர் கம்பெனியின் பி320 பிஸ்டல் வேறு விதம். சில கோணங்களில் கீழே விழுந்தால் ட்ரிகர் தன் சொந்த எடையாலேயே பின்னால் போய்ச் சுட்டுவிடுவது 2017இல் தெரியவந்தது. எடை குறைந்த ட்ரிகரை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் ரீகால் என்ற சொல்லைத் தொடாமல் ‘தாமாக முன்வந்து செய்யும் மேம்பாடு’ என்றார்கள். கம்பெனிகள் இந்த மாதிரிப் பெயர் வைப்பதால், ரீகால் என்று மட்டும் தேடினால் உங்களுக்கு எதுவும் அகப்படாது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் சீரியல் எண்ணை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள், இல்லாவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சார்லட்டில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி விசா, வீட்டில் 4, 7 வயதில் இரண்டு பிள்ளைகள். அக்கம்பக்கத்தில் திருட்டு நடந்ததால் கிளாக் பிஸ்டல் வாங்க வேண்டும் என்கிறார். அதில் சேஃப்டி பொத்தானே இல்லையாமே, ஆபத்து இல்லையா?

பதில்: பிஸ்டலுக்கு முன்னால் விசாவைப் பாருங்கள் அம்மா. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்போர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரு வக்கீலைக் கேட்காமல் கடைக்குப் போக வேண்டாம். இதில் மாட்டினால் கிரீன் கார்டு கனவும் சேர்ந்து போகும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிளாக்கில் சேஃப்டி இல்லை என்பது சரியல்ல, கட்டைவிரலால் தள்ளும் பொத்தான்தான் இல்லை. ட்ரிகரின் முகத்தில் சின்னதாக ஒரு நாக்கு இருக்கும், அதையும் சேர்த்து அழுத்தாவிட்டால் ட்ரிகர் நகராது. உள்ளே ஒரு சிறு உருளை ஃபயரிங் பின்னை மறித்து நிற்கும், ட்ரிகர் பின்னால் வரும்போதுதான் வழிவிடும். பின்னைப் பிடித்திருக்கும் பாகம் அதிர்ச்சியில் நழுவாமல் இருக்க ஒரு மேடை உண்டு. மூன்றும் சேர்ந்து, தவறிக் கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கின்றன. ட்ரிகரை யாராவது அழுத்தினால்? மூன்றும் ஒரே நேரத்தில் ஒதுங்கிவிடும். அழுத்துவது பெரியவர் விரலா, பிள்ளை விரலா, உறையில் செருகும்போது சிக்கிய சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்று. கிளாக்கைத் துடைக்கப் பிரிக்கும்போது ட்ரிகரை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். தோட்டாக்கள் அடுக்கிய மேகஸினை உருவிவிட்டோமே, காலிதான் என்று நினைப்பார்கள். குழலின் அறையில் ஒரு தோட்டா மிச்சம் இருக்கும். மேகஸினை உருவு, ஸ்லைடை இழுத்துத் திற, அறைக்குள் கண்ணால் பார், விரல்விட்டும் பார், அப்புறம்தான் மற்றது.

பொத்தான் வைத்த பிஸ்டலாக இருந்தாலும் 7 வயதுப் பையன் அதைத் தள்ளக் கற்றுக்கொள்வான். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சேஃப்டி என்பது இரும்புப் பெட்டி, அதன் சாவி உங்களிடம். லைசென்ஸ் உள்ள கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது ஒரு பூட்டோ பெட்டியோ சேர்த்துத் தர வேண்டும் என்று 2005 முதல் சட்டம் இருக்கிறது. அந்தக் கேபிள் பூட்டு பலர் வீட்டில் பிரிக்காத பையிலேயே கிடக்கிறது.

கேள்வி: கூடலூர் பக்கம் எங்களுக்குத் தோட்டம். தாத்தாவின் இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி அப்பா பெயரில் இருந்தது, அவர் காலமாகிவிட்டார். மேலே இரண்டு ஹேமர் வெளியே தெரியும் பழைய மாடல். லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிய பிறகு, பன்றி விரட்ட இதையே வைத்துக்கொள்ளலாமா, புதியது வாங்கலாமா?

பதில்: லைசென்ஸ் உங்கள் பெயருக்கு வரும்வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள். பன்றியைச் சுடுவதற்கு வனத்துறை அனுமதி தனி, லைசென்ஸ் இருப்பதாலேயே அது வந்துவிடாது.

ஒப்படைக்கும்போதே வியாபாரியிடம் ஒன்றைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். காலித் துப்பாக்கியில் ஹேமர் இறங்கிய நிலையில் ஃபயரிங் பின்னை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா, சற்றுப் பின்வாங்கி இடைவெளி விட்டு நிற்கிறதா? பின்வாங்கி நின்றால் ஓரளவு நல்லது. ஒட்டி உட்கார்ந்தால், தோட்டா போட்டிருக்கும்போது ஹேமர் கதவுச் சட்டத்தில் லேசாக இடித்தாலே வெடித்துவிடலாம். அந்தக் காலத்தில் ஹேமரைப் பாதி ஏற்றி வைப்பதையே சேஃப்டி என்று வைத்திருந்தார்கள், ஹேமரை அங்கே தாங்கி நிறுத்தும் பள்ளம் தேய்ந்திருந்தால் அதுவும் போச்சு. எனக்கென்னவோ அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டு, வேலைக்கு வேறு வாங்குவதே சரி என்று படுகிறது.

புதியது ஹேமர் உள்ளே மறைந்த மாடலாக இருக்கும், கைப்பிடிக்கு மேலே கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி. பெரும்பாலான துப்பாக்கிகளில் அது ட்ரிகரை மட்டும்தான் கட்டிப் போடுகிறது. உள்ளே இருக்கும் ஹேமரையும் தடுத்துப் பிடிக்கும் இன்னொரு சியர் விலை உயர்ந்தவற்றில்தான் அதிகம். அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இருந்தாலும் வேலி தாண்டும்போதும் ஓடை இறங்கும்போதும் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு தோட்டாவையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். திறந்து கிடக்கும் துப்பாக்கி யாரையும் சுடாது, எதிரே வருபவருக்கும் அது தெரியும்.

கேள்வி: மகனுக்குக் குறி பார்க்கப் பழக ஏர் கன் வாங்கலாம் என்றிருக்கிறேன். இந்தியாவில் லைசென்ஸ் வேண்டுமா? விலை குறைந்ததே போதுமா?

பதில்: குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், குண்டு குழலை விட்டு வெளிவரும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமல் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் வகையில், மடங்கிய நிலையில் ட்ரிகர் வேலை செய்யாதபடி ஒரு தடுப்பு இருக்க வேண்டும். மலிவானவற்றில் பல நேரம் இருக்காது. பெல்லட் என்ற சிறு குண்டை வைக்கும்போது ட்ரிகர் விடுபட்டால் குழல் படாரென்று மூடி விரலை நசுக்கும். தடுப்பு இல்லாததைத்தான் வாங்க முடிகிறது என்றால், பெல்லட் வைத்து முடியும்வரை இன்னொரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்று பையனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.