தண்டுவடம் வரையும் பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

அம்மா, நேற்று உங்கள் மகளை மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் கேட்டுவிட்டு நீங்கள் இருவரும் கிளம்பிய பிறகுதான் பார்த்தேன், அவள் தன் உயிரியல் நோட்டை இங்கேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். புரட்டினேன். தண்டுவடத்தின் குறுக்குவெட்டுப் படம்: நடுவே பட்டாம்பூச்சி மாதிரி சாம்பல் பகுதி, சுற்றிலும் வெள்ளை. ஓரத்தில் பென்சிலில், "மூளையில் இதே தலைகீழ், சாம்பல் வெளியே! ஏன்?" என்று எழுதியிருக்கிறாள். மனப்பாடம் பண்ணுகிற பிள்ளை இப்படி எழுதாது. "அவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்றீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு முறை நீட்டில் மதிப்பெண் போதவில்லை, அவ்வளவுதான்.

மூளை அறுவை நிபுணராக்க, நிலத்தை விற்றுத் தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அதற்கு எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், பொது அறுவைக்கான எம்.எஸ். மூன்று, மூளை அறுவைக்கான எம்.சி.எச். மூன்று. ஒவ்வொரு படிக்கும் தனி நுழைவுத் தேர்வு. முதல் படிக்கே நிலம் போய்விட்டால் அடுத்த படிக்கு எதை விற்பீர்கள்?

அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: மூளையில் உனக்கு என்ன பிடிக்கும்? ஆபரேஷனைப் பற்றி அவள் பேசவே இல்லை. பக்கவாதம் வந்த தாத்தாவைப் பற்றித்தான் பேசினாள். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது, பதில் மட்டும் ஏன் வரவில்லை என்று. 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவருக்கும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். 'டான்' என்ற ஒரே அசையை மட்டும் சொல்லிவந்த ஒரு நோயாளி இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தார். மூளையின் இடது பக்கத்தில், முன்பகுதியில் சேதம். இன்று அந்தத் தாத்தாக்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேச்சை மீட்கப் பாடுபடுவது பேச்சு சிகிச்சையாளர். அதற்கான பட்டப்படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி. (கேட்டல், பேச்சு பற்றியது), பயிற்சியோடு நான்கு வருடம். மைசூருவில் 1965-ல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் இதற்குப் பேர்போனது.

தண்டுவடம்தான் பிடிக்கும் என்றால் பிசியோதெரபி, அல்லது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி. ஒரு சின்ன விஷயம் செய்து பாருங்கள். கையைத் தளரவிட்டு, மணிக்கட்டை மட்டும் மேலே தூக்குங்கள். விரல்கள் தானாக மடங்குகிறதா? தண்டுவடம் அடிபட்டு, கழுத்துப் பகுதியில் ஆறாவது நரம்பு வரை மட்டும் தப்பியவருக்கு விரலைத் தானாக அசைக்க முடியாது, மணிக்கட்டைத் தூக்க முடியும். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் இப்படி மடங்குவதை வைத்தே டம்ளரைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். விவரம் தெரியாமல் அந்த விரல்களை நீட்டி நீட்டி விட்டால் அந்தப் பிடியும் போய்விடும். உடற்கூறு தெரிந்தவரால்தான் இது முடியும்.

"டாக்டர் இல்லையே, மதிப்பார்களா" என்றீர்கள். ஆரம்பச் சம்பளம் குறைவு, மறைக்க மாட்டேன். ஆனால் இது டாக்டருக்குக் கீழே நிற்கிற எடுபிடி வேலை இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு நடக்க முடியாமல் போனார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் இப்படி அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் வர அவர்தான் காரணம். இந்தச் சிகிச்சையாளர்கள் எல்லாம் இல்லாமல் அங்கே ஒரு நாள் ஓடாது.

சரி, இனி வேலையைப் பார்ப்போம். இந்தப் படிப்புகளின் சேர்க்கை விதிகள் மாறிவருகின்றன; இந்த வருட விளக்கக் கையேட்டை வாங்கிப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். நீட் மதிப்பெண் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். கல்லூரியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் இல்லை: சொந்த மருத்துவமனை இருக்கிறதா, பக்கவாத நோயாளிகள் வருகிறார்களா? நோயாளியே இல்லாத கல்லூரியில் பொம்மையை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் அவளைத் தனியாக அனுப்புங்கள், வந்து வாங்கிக்கொள்ளட்டும்.