ஞானப்பல்லு வலிக்குது, உடனே பிடுங்கணுமா? (வயசு 22, மார்த்தாண்டம்)

வலிச்சாலே பிடுங்கணும்னு இல்ல மக்கா, 17ல இருந்து 25 வயசுக்குள்ள அது முளைக்கும்போது ஈறு கொஞ்சம் வீங்கத்தான் செய்யும், வெதுவெதுப்பான உப்புத்தண்ணில கொப்புளிச்சுப் பாரு. நேரா முளைச்சு பிரஷ்ஷும் எட்டுதுன்னா விட்டிரலாம்.

ஆனா பாதி வெளிய பாதி ஈறுக்குள்ளன்னு நிக்குதுன்னா கதை வேற, அந்த மடிப்புக்குள்ள மரச்சீனிக்கிழங்கும் மீனும் போய் ஒதுங்கி திரும்பத் திரும்ப பழுக்கும், இல்லன்னா சாய்ஞ்சு கெடந்து முன்னால நிக்கிற கடவாப்பல்லையும் சொத்தையாக்கும், அப்போ எடுத்துரு. அதுக்கு முன்னாடி ஓபிஜி எக்ஸ்ரே (ரெண்டு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்துல தெரியும்) பாக்கணும், கீழ்த்தாடை நரம்பு வேருக்குப் பக்கத்துலயே போகும், அதுல அடிபட்டா உதடு மரத்துப்போயிரும். கன்னம் வீங்கி வாய் திறக்க முடியல, காய்ச்சல், எச்சி விழுங்க கஷ்டம்னா அன்னைக்கே ஓடு, கிராம்பு கடிச்சுக்கிட்டு கோயில் கொடைத் திருவிழா முடியட்டும்னு இருக்காத (நம்ம ஊர்ல இது ஜாஸ்தி). எடுத்த பிறகு கொஞ்சநாள் சிகரெட், ஸ்ட்ரா வேண்டாம், குழில இருக்க ரத்தக்கட்டி பெயர்ந்துட்டா அந்த வலி இதைவிட மோசம் கேட்டியா.